எண்ணூறு மீட்டர் கம்பி

4 ஜூலை 2025, வெள்ளி

ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். பட்டரவாக்கத்தில் ரயில் ஏறி ஆவடியில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்துக் கோவில்பதாகை வந்து சேர நாலரை ஆகிவிட்டது. முகம் கழுவிவிட்டு கிதாரை எடுத்தேன். பிரிட்ஜ் பிக்அப்புக்கு சுவிட்சைத் தள்ளியதும் சத்தம் எலும்பும் தோலுமாக வந்தது. கெயினை எவ்வளவு ஏற்றினாலும் கொசு ரீங்காரம் மாதிரி மேல் ஒலி மட்டும்தான். உள்ளங்கையை பிரிட்ஜில் வைத்து அடித்தால் வயிற்றில் வந்து இடிக்குமே, அந்த இடி இல்லை. நெக் பிக்அப் நன்றாக இருக்கிறது. கேபிளை மாற்றினேன். செலக்டர் சுவிட்சில் கிளீனர் அடித்தேன். பலன் இல்லை.

அப்பா கீழே கடையில் ஒரு அரை எச்.பி. மோட்டாருக்கு லேதராய்டு பேப்பர் வெட்டிக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டு வருஷமாக மோட்டார் காயில் கட்டுகிறவர். கிதாரின் பின் மூடியைக் கழற்றி அவர் முன்னால் வைத்தேன்.

“இதுல காயில் எங்கடா இருக்கு?”

பிக்அப்பைக் காட்டினேன். மல்டிமீட்டரின் இரண்டு முனையையும் வைத்துப் பார்த்தார். முள் அசையவில்லை. நான்கு வயரையும் பிரித்துத் தனித்தனியாக வைத்தார். ஒரு காயில் 5.6 கிலோ ஓம். இன்னொன்றில் ஒன்றுமே இல்லை.

“ஓப்பன் ஆயிடுச்சு. உள்ள எங்கயோ கம்பி அறுந்துருக்கு. வேர்வை இறங்கியிருக்கும்.”

பத்து வருஷமாக இந்த ஐபனெஸில்தான் என் வேர்வை எல்லாம் இறங்குகிறது. ஆகஸ்ட் 9 சனிக்கிழமை எங்கள் இசைக்குழுவின் ஷோ. புது பிக்அப் போட்டே ஆக வேண்டும்.

6 ஜூலை, ஞாயிறு

விடிய விடிய தூங்கவில்லை. பர்மிங்காம் வில்லா பார்க்கில் பிளாக் சாபத்தின் கடைசிக் கச்சேரி. ஆஸி நாற்காலியில் உட்கார்ந்தபடி பாடினார். டோனி அயாமி, கீஸர் பட்லர், பில் வார்ட் என்று பழைய நால்வரும் ஒரே மேடையில். நம் ஊரில் பொழுது விடியும் நேரத்துக்கு ஒளிபரப்பு முடிந்தது. அதற்குப் பிறகும் படுக்கப் பிடிக்காமல் மொட்டை மாடியில் நடந்துகொண்டிருந்தேன்.

அயாமியை நினைக்காமல் நான் ஒரு நாளும் பிரஸ் மெஷின் முன்னால் நின்றதில்லை. 1965இல் அவருக்குப் பதினேழு வயது. பர்மிங்காமில் தகரம் வெட்டும் ஃபாக்டரியில் வேலை. இசைக்குழுவோடு கிளம்புவதற்காக வேலையை விட்டுவிட்டார். அன்றுதான் கடைசி நாள். பிரஸ் ஓட்ட வேண்டிய ஆள் வராததால் இவரை நிறுத்தினார்கள். வலது கையின் நடுவிரலும் மோதிர விரலும் நுனியை இழந்தன. அவர் இடது கைக்காரர், அதனால் தந்தியை அழுத்துகிற கை அதுதான். ஃபோர்மேன் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் ரெக்கார்டைக் கொண்டு வந்து கேட்க வைத்தார். தீக்காயத்தில் இரண்டு விரல் முடங்கிய பிறகும் கிதார் வாசித்தவர் ஜாங்கோ. அயாமி ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குக் குப்பி செய்து, மேலே தோல் ஒட்டி, மெலிசான தந்தி போட்டு மறுபடி ஆரம்பித்தார். பின்னால் தந்தியின் இறுக்கத்தையும் தளர்த்தி சுருதியைக் கீழே இறக்கினார். இன்று நாங்கள் வாசிப்பதெல்லாம் அங்கிருந்து வந்ததுதான்.

எங்கள் பிரஸ்ஸில் இரண்டு கையும் இரண்டு பட்டனில் இருந்தால்தான் ராம் இறங்கும். அந்தப் பட்டன்களை அழுத்தும்போதெல்லாம் என் பத்து விரலையும் ஒரு முறை பார்த்துக்கொள்வேன்.

இன்று முழுக்க மனதில் ஓடியது வேறொன்று. 1969இல் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தபோது அயாமி கையில் இருந்தது ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர். ஒரு பாட்டு முடிந்ததும் அதன் பிக்அப் செத்துவிட்டது. மாற்றாக வைத்திருந்த கிப்ஸன் எஸ்.ஜி.யை எடுத்து மிச்சத்தை முடித்தார். அதற்குப் பிறகு எஸ்.ஜி.யை விடவே இல்லை. ஒரு பிக்அப் செத்ததில் இருந்து இவ்வளவு வந்திருக்கிறது.

8 ஜூலை, செவ்வாய்

வாட்ஸ்அப்பில் நாலு பேரிடம் கேட்டேன். நாலு பேரும் முதலில் கேட்டது ஒரே கேள்வி: “எத்தனை கே வேணும்?” ஓம் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு ஹெவி என்று எல்லோரும் நம்புகிறார்கள். பத்து வருஷமாக நானும் அப்படித்தான் நம்பினேன்.

ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். டிமார்சியோ சூப்பர் டிஸ்டார்ஷன் 13.68 கிலோ ஓம். சீமோர் டங்கன் ஜேபி 16.4. அதே கம்பெனியின் டிஸ்டார்ஷன் 16.6. அப்படியானால் சூப்பர் டிஸ்டார்ஷனை விட ஜேபியில்தானே சுத்து அதிகம்?

அப்பா தட்டை நகர்த்தி வைத்தார். “கம்பி என்ன கேஜ்?”

தேடிப் பார்த்தேன். ஜேபியில் இருப்பது 44 நம்பர், அதாவது 0.05 மில்லிமீட்டர். பழைய கிப்ஸன் ஹம்பக்கரில் 42 நம்பர், 0.063.

“அப்புறம் என்னடா கேள்வி? கம்பி மெலிசானா ஓம் தானா ஏறும். அதே சுத்துக்கு ஒண்ணரை மடங்குக்கு மேல வரும். ஓம பார்த்து மோட்டார் எவ்ளோ தண்ணி இறைக்கும்னு சொல்ல முடியுமா? சுத்து எத்தனை, கம்பி என்ன, காந்தம் என்ன, மூணும் தெரியணும்.”

அவர் சொன்னதைப் படுத்துக்கொண்டு யோசித்தேன். பிக்அப் என்பது வெறும் காந்தமும் காயிலும்தான். தந்தி இரும்பு, காந்தத்தின் மேல் அது ஆடும்போது காயிலில் மின்சாரம் பிறக்கிறது. சுத்து கூடக்கூட வோல்டேஜ் கூடும், சரி. ஆனால் காயிலின் இண்டக்டன்ஸும் கூடும். அது மேல் ஒலியைத் தின்னும், நடு ஒலியைத் தள்ளிக்கொண்டு வரும். நிறையச் சுற்றிய பிக்அப் சத்தமாக இருக்கும், கூடவே மந்தமாகவும் இருக்கும். அந்த ஓம் எண்ணைப் பார்த்து இதில் எதையும் சொல்ல முடியாது.

11 ஜூலை, வெள்ளி

இன்று முழுக்க ஈஎம்ஜி 81 மேல் ஆசை. மெட்டாலிக்காவின் ஹெட்ஃபீல்டும் ஹேமெட்டும் வைத்துக்கொண்டு வாசித்தது. 2011 அக்டோபரில் பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் மெட்டாலிக்காவை அந்தச் சேற்றில் நின்று கேட்ட நாளில் இருந்து அந்தச் சத்தம் காதிலேயே இருக்கிறது. தந்தியைத் தொட்டால் பிளேடு மாதிரி அறுக்கும், விட்டால் உடனே நிற்கும்.

ஆனால் அது ஆக்டிவ். காயிலில் சுத்து குறைவு. உள்ளேயே ஒரு ப்ரீஆம்ப் இருக்கிறது, 9 வோல்ட் பேட்டரி கேட்கும். வால்யூம் கன்ட்ரோல் 500 கிலோ ஓம் இருந்தால் ஆகாது, 25 கிலோ போட வேண்டும். அப்போது என் நெக் பிக்அப்பும் நடு பிக்அப்பும் அதோடு சேராது, மூன்றையும் மாற்றியாக வேண்டும். என் கிதாரில் பேட்டரிக்கு இடமும் இல்லை, மரத்தைக் குடைய வேண்டும். கையில் எட்டாயிரம் ரூபாய். இது இப்போதைக்கு இல்லை என்று முடிவு செய்துவிட்டேன். மனசு கேட்கவில்லைதான்.

தேவையை எழுதிப் பார்த்தேன். நாங்கள் டிராப் சி வாசிக்கிறோம். கீழ்த் தந்தி 65 ஹெர்ட்ஸ். என் கிதாரைப் பிளக் செய்யாமல் மடியில் வைத்து அடித்தால் ஒலி மெலிசு. கீங்கென்று ஆரம்பித்து சீக்கிரம் அடங்குகிறது. மெல்லிய உடம்பு, போல்ட் போட்ட கழுத்து. இதில் கூர்மையான பிக்அப்பைப் போட்டால் காது கிழியும். கிதாரிடம் ஏற்கெனவே இருப்பதை பிக்அப்பும் கொண்டு வரத் தேவையில்லை. இதை யாராவது எனக்குப் பத்து வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருக்கலாம்.

13 ஜூலை, ஞாயிறு

எங்கள் இன்னொரு கிதாரிஸ்ட் தம்பி தன்னிடம் சும்மா கிடந்த ஜேபியைக் கொடுத்தான். ஒவ்வொரு தடவையும் ஈயம் வைத்து எடுத்தால் வயர் தாங்காது என்று அப்பா ஒரு கனெக்டர் ஸ்ட்ரிப்பை வெட்டிக் கொடுத்தார், ஃபேனுக்குப் போடுகிறோமே, அது. கிதாரின் பின்குழியில் அது சரியாக உட்கார்ந்தது. இனி பிக்அப்பை மாற்ற ஸ்க்ரூ டிரைவர் போதும். பிக்அப் மாற்றிப் பார்க்க நினைக்கிற எல்லோருக்கும் இதைச் சொல்லுவேன்.

அம்பத்தூர் ஜாம் ரூமில் மூன்று மணி நேரம். ஜேபி சோலோவில் பாடுகிறது. உச்சத் தந்தியில் பெண்ட் செய்தால் குரல் மாதிரி எழுந்து வருகிறது. மூன்றாவது, நான்காவது தந்திகளில் கார்டு போட்டால் ஒவ்வொரு ஸ்வரமும் தனியாகத் தெரிகிறது. எண்பதுகளில் ஏன் இதைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள் என்று புரிந்தது. ஆனால் கீழ்த் தந்தியில் வேகமாக பாம் மியூட் செய்தால் தொளதொளவென்று இருக்கிறது, ஒரு அடி அடங்குவதற்குள் அடுத்தது வந்து விழுகிறது. மேலே என் கிதாரின் கூச்சலும் சேர்ந்துகொண்டது. கெயின் எட்டில் இருந்தது, குறைக்க மனசு வரவில்லை.

டிரம்மர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. “அண்ணா, நீங்க வாசிக்கறது எனக்கு கேக்குது. என்ன வாசிக்கறீங்கன்னு கேக்கல.”

18 ஜூலை, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. தெருமுனை அம்மன் கோயிலில் ஹார்ன் ஸ்பீக்கர் கட்டிவிட்டார்கள். தெரு நீளத்துக்கு சீரியல் செட். சாயங்காலம் அதைப் போட்டதும் என் நடு பிக்அப்பில் ஙொய்யென்று ஒரு இரைச்சல் ஆரம்பித்தது. கிதாரோடு அப்படியே உடம்பைத் திருப்பினால், சன்னல் பக்கம் பார்க்கும்போது குறைகிறது, சுவர் பக்கம் பார்க்கும்போது கூடுகிறது. ஜேபிக்கு மாற்றினால் இரைச்சல் போய்விடுகிறது.

அப்பா மேலே வந்து எட்டிப் பார்த்தார். காரணம் கேட்டார். நடுவில் இருப்பது ஒற்றைக் காயில், ஆன்டெனா மாதிரி கரண்ட் கம்பியின் 50 ஹெர்ட்ஸையும் அதன் மடங்குகளையும் பிடிக்கும். பிரிட்ஜில் இருப்பது இரட்டைக் காயில் என்றேன். 1955இல் கிப்ஸன் கம்பெனியின் சேத் லவர் செய்த வேலை அது. இரண்டு காயிலையும் எதிரெதிராக இணைத்தால் வெளியில் இருந்து வரும் இரைச்சல் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும். காந்தத்தையும் எதிரெதிராக வைத்தால் தந்தியின் ஒலி மட்டும் ஒன்றோடு ஒன்று கூடும். பேட்டன்ட் 1959இல்தான் கிடைத்தது. அது கிடைத்த பிறகும் சில வருஷம் வரை அடியில் ‘பேட்டன்ட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறோம்’ என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்றார்கள். அந்த ஸ்டிக்கர் உள்ள பிக்அப்பை இன்றும் பொக்கிஷம் மாதிரி தேடுகிறார்கள்.

அப்பா ரொம்ப நேரம் என் கிதாரைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். “நல்லா யோசிச்சிருக்கான்” என்றார். முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு ஆளைப் பற்றி அவர் இப்படிச் சொல்லி நான் கேட்டது மாண்டலின் ஸ்ரீநிவாஸைப் பற்றி மட்டும்தான். அவர் வாசித்ததும் உள்ளே பொந்து இல்லாத எலெக்ட்ரிக் மாண்டலின், இரட்டைத் தந்திகளை விட்டு ஐந்து ஒற்றைத் தந்தி. கமகம் நீண்டு நிற்க வேண்டும் என்று அவர் அப்படி மாற்றிக்கொண்டார். அதிலும் ஒலியைப் பிடித்துக் கொடுத்தது பிக்அப்தான் என்று இன்றுதான் அப்பாவுக்குச் சொன்னேன்.

19 ஜூலை, சனி

பெரம்பூரில் ஒருவர் சூப்பர் டிஸ்டார்ஷன் விற்கிறார் என்று தெரிந்து போய் வாங்கி வந்தேன். ஆறாயிரத்து ஐநூறு. 1972இல் லாரி டிமார்சியோ கொண்டு வந்தது. கம்பெனி பிக்அப்பைக் கழற்றிவிட்டு வேறு போடலாம் என்ற வழக்கத்தையே தொடங்கி வைத்த பிக்அப். அன்றைய ஆம்ப்களில் கெயின் குறைவு. ஆம்பை முட்டித் திணற வைக்கத்தான் செராமிக் காந்தமும் அவ்வளவு சுத்தும்.

வாங்கும் முன் அவர் வீட்டிலேயே மீட்டர் வைத்தேன். 14.4 காட்டியது. கம்பெனி சொல்வது 13.68. போலியோ என்று ஒரு நிமிஷம் பயந்து அப்பாவுக்கு போன் போட்டேன்.

“அங்க ஏசி இருக்கா?”

“இல்லப்பா. வெக்கையா இருக்கு. முப்பத்திநாலு டிகிரி இருக்கும்.”

“அவன் இருவது டிகிரில அளந்திருப்பான். செம்பு டிகிரிக்கு நூத்துக்கு பாயிண்ட் நாலு ஏறும். கணக்கு போடு.”

போட்டேன். பதினாலு டிகிரிக்கு ஐந்தரை சதவீதம். 14.43. பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

வெர்னியர் எடுத்துப் போயிருந்தேன். என் கிதாரில் பிக்அப்புக்கு மேலே முதல் தந்திக்கும் ஆறாவது தந்திக்கும் நடுவில் 51.8 மில்லிமீட்டர். பழைய கிப்ஸன் அளவு பிக்அப் 49 சொச்சம்தான் வரும், ஓரத் தந்திகள் ஸ்க்ரூவை விட்டு விலகி நிற்கும். டிரெமலோ பிரிட்ஜ் உள்ள கிதார்களுக்கு அகல வகை தனியாக வருகிறது. கிடைத்தது அகல வகைதான்.

20 ஜூலை, ஞாயிறு

இன்று நடந்ததை மறக்காமல் எழுதி வைக்கிறேன்.

காலையில் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். அம்மா தூக்கு எடுத்துக்கொண்டு போனாள். நான் ஸ்ட்ரிப்பில் புது பிக்அப்பை இணைத்தேன். கறுப்பை வால்யூமுக்கு, சிவப்பையும் வெள்ளையையும் ஒன்றாக முறுக்கி, பச்சையையும் வெற்றுக் கம்பியையும் எர்த்துக்கு. ஜேபியை அப்படித்தான் இணைத்திருந்தேன். ஆம்பைப் போட்டேன். ஐயோ என்று இருந்தது. தந்தி ஒலி சுண்டிப்போய்த் தகர டப்பா மாதிரி. இரைச்சல் மட்டும் நடு பிக்அப்பை விட அதிகம். ஆறாயிரத்து ஐநூறு போய்விட்டது என்று கை நடுங்கியது.

அப்பா கூழ்க் குவளையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான்கு வயரையும் பிரித்து மீட்டர் வைத்தார். சிவப்பும் கறுப்பும் ஒரு காயில். பச்சையும் வெள்ளையும் ஒரு காயில். இரண்டும் நலம். ஒரு சின்ன காந்தத்தை மேலே கொண்டு போய்க் கொண்டு போய் முள் எந்தப் பக்கம் துள்ளுகிறது என்று பார்த்தார். அனலாக் மீட்டர் என்பதால் தெரிந்தது.

“ஒரு காயில தலைகீழா குடுத்துட்ட.”

கம்பெனிக்குக் கம்பெனி கலர் வேறு. டங்கனில் கறுப்பு உயிர் வயர். டிமார்சியோவில் சிவப்பு உயிர் வயர், கறுப்பும் வெள்ளையும்தான் சேர வேண்டியவை. நான் செய்ததில் ஒரு காயில் திரும்பிப் போய், சேத் லவர் கொன்ற இரைச்சல் கூடி, கூட்டிய தந்தி ஒலி செத்துவிட்டது. இரண்டு ஸ்க்ரூவை மாற்றியதும் வீடே அதிர்ந்தது. அம்மா கீழே இருந்து சத்தம் போட்டாள், கோயில் நேரம் என்று. உடனே நிறுத்தினேன். கூழ் இன்னும் சூடாக இருந்தது. சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு குடித்தேன்.

23 ஜூலை, புதன்

காலை ரயிலில் அண்ணனூர் தாண்டும்போது போனைப் பார்த்தேன். ஆஸி நேற்று போய்விட்டார். அந்த மேடை முடிந்து பதினேழு நாள்.

பிரஸ்ஸில் இன்று யாரிடமும் அதிகம் பேசவில்லை. என்னோடு வேலை பார்க்கும் அண்ணன் கேட்டார். சொன்னேன். அவருக்கு ஆஸி யார் என்று தெரியாது. ஆனாலும் டீ வாங்கிக் கொடுத்தார்.

ராத்திரி முதல் ஆல்பத்தை ஹெட்ஃபோனில் கேட்டேன். இத்தனை வருஷம் கேட்டும் கவனிக்காத ஒன்று இன்று காதில் விழுந்தது. அயாமியின் கிதாரில் அடி ஒலி அதிகம் இல்லவே இல்லை. அடியை முழுக்க கீஸர் பட்லர் தாங்குகிறார். கிதார் நடுவில் இருந்து கிளம்பி பேஸின் தோளில் ஏறி நிற்கிறது. எஸ்.ஜி.யில் இருந்தவை பி-90 வகை ஒற்றைக் காயில் பிக்அப்கள். அந்த வகை எட்டு கிலோ ஓம் அளவில்தான் இருக்கும். நான்கு பேரும் என்னிடம் கேட்ட ‘எத்தனை கே’ கணக்கில் ஜேபியின் பாதி. லேனி ஆம்புக்கு முன்னால் ஒரு டிரெபிள் பூஸ்டர் வைத்திருந்தார், டாலஸ் ரேஞ்ச்மாஸ்டர். அது மேல் ஒலியைத்தான் தூக்கும். உலகத்திலேயே கனமான சத்தத்தைக் கண்டுபிடித்தவர், ஆம்புக்குள் போவதற்கு முன் அடி ஒலியைக் குறைத்து அனுப்பியிருக்கிறார்.

நான் பத்து வருஷமாக அடியை ஏற்றி ஏற்றி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தேன்.

27 ஜூலை, ஞாயிறு

ஜாம் ரூம். சூப்பர் டிஸ்டார்ஷன். முதல் பத்து நிமிஷம் எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சதை. என் மெலிந்த கிதாருக்கு இதுதான் வேண்டியிருந்தது. ஜேபியை விட ஓம் குறைவு, சத்தத்தில் ஒரு குறையும் இல்லை. கீங்கென்ற முனை மழுங்கி, ஒரே கார்டில் அறை நிறைந்தது. பிறகு மற்றவர்கள் சேர்ந்தார்கள். பேஸும் நானும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டோம். மறுபடியும் சேறு.

வீட்டுக்குத் திரும்பியிருந்தால் பழியை பிக்அப் மேல் போட்டிருப்பேன். இந்தத் தடவை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்போம் என்று எல்லோரையும் உட்கார வைத்தேன்.

முதலில் உயரம். பிக்அப்பைத் தந்திக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அருகில் வைத்திருந்தேன். கடைசி ஃப்ரெட்டை அழுத்தி வைத்துக்கொண்டு இரண்டு பக்க ஸ்க்ரூவையும் திருப்பி மூன்றுக்கு இறக்கினேன், கனத்த தந்திப் பக்கம் இன்னும் கொஞ்சம் அதிகமாக. ஒவ்வொரு சுற்றுக்கும் அதே ரிஃப்பை வாசித்தேன். இரண்டரை தாண்டியதும் அடித்த இடம் தெளிவாகக் கேட்க ஆரம்பித்தது. ரிஃப்பில் ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவில் இருக்கிற மௌனம் வந்தது.

அடுத்து கெயின். எட்டில் இருந்து ஐந்து.

பிறகு தம்பியின் பச்சைப் பெட்டி, டியூப் ஸ்க்ரீமர். டிரைவை சுழியத்தில் வைத்து, லெவலை முழுக்கத் திறந்து ஆம்புக்கு முன்னால் போட்டேன். 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை அது படிப்படியாகக் குறைத்துவிட்டு அனுப்பும். டிஸ்டார்ஷனுக்குள் அடி ஒலி பெரிதாகப் போனால் மற்ற ஸ்வரமெல்லாம் அதன் ஆட்டத்துக்கு ஏற்ப நசுங்கும், சேறு வருவது அதனால்தான். குறைத்த அடியை டிஸ்டார்ஷனுக்குப் பிறகு வரும் ஆம்பின் பேஸ் குமிழில் வேண்டிய அளவு சேர்த்துக்கொண்டேன். அரை நூற்றாண்டுக்கு முன் ரேஞ்ச்மாஸ்டர் செய்த வேலையைத்தான் இந்தப் பச்சைப் பெட்டி இன்று செய்கிறது.

எங்கள் சொந்தப் பாட்டின் நடுப்பகுதியை வாசித்தோம், டபுள் பேஸ் டிரம் ஓடும் இடம். வாசித்துக்கொண்டிருக்கும்போதே டிரம்மர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவன் வலது காலும் என் வலது கையும் ஒரே ஆள் அடிப்பது மாதிரி விழுந்தன. 2009இல் ஐ.ஐ.டி. சாரங்கில் ஓபெத் வாசித்தபோது திறந்தவெளி அரங்கில் கடைசிப் படியில் நின்று கேட்டேன். அந்தக் கனத்துக்குள் ஒவ்வொரு விரலும் தனித்தனியாகக் கேட்டதே, அது எப்படி என்று அன்று முதல் தெரியாமல் இருந்தது. பதினாறு வருஷம்.

சூப்பர் டிஸ்டார்ஷன் இருக்கட்டும். ஜேபியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். அவன் கிதார் மஹோகனி, ஒலி கொஞ்சம் இருட்டு. அதில் ஜேபி பிரமாதமாக இருக்கும், போட்டுப் பார்க்கச் சொன்னேன்.

30 ஜூலை, புதன்

ஸ்ட்ரிப்பை எடுத்துவிட்டு நிரந்தரமாக ஈயம் வைத்தேன். சால்டரிங் ராடு அப்பாவுடையது, 60 வாட். வால்யூமின் முதுகில் எர்த் வைக்க அந்தச் சூடு வேண்டும், மெல்லிய வயருக்கு அது அதிகம். அவர் வயரைப் பிடித்துக்கொண்டார், நான் ஈயம் வைத்தேன்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடிப்பெருக்கு. அம்மா தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம், புளியோதரை என்று கட்டி எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். ஷோவுக்கு ஆறு நாள். காலையில் இரண்டு மணி நேரம் வாசித்தேன். தந்தி மாற்றினேன், 11இல் இருந்து 54 வரை உள்ள செட்.

அப்பா கடையைத் திறக்கவில்லை. ஆனால் உள்ளே ஏதோ செய்துகொண்டிருந்தார். போய்ப் பார்த்தால் என் செத்த பிக்அப் மேஜை மேல். மெழுகை உருக்கி எடுத்துவிட்டு, அறுந்த காயிலின் கம்பியை முழுக்கப் பிரித்து நகைக்கடைத் தராசு ஒன்றில் வைத்திருக்கிறார். பதினெட்டு கிராம். எந்த மோட்டார் வந்தாலும் பழைய செம்பை நிறுத்துவிட்டுத்தான் புதிது கட்டுவார். நான் என் மைக்ரோமீட்டரை எடுத்து வந்து எனாமலோடு அளந்தேன். 0.065. உள்ளே செம்பு 0.056 இருக்கும் என்றார். நல்ல காயிலின் 5.6 கிலோ ஓமை வைத்துக் கணக்குப் போட்டோம். மீட்டருக்கு ஏழு ஓம். எண்ணூறு மீட்டர் கம்பி. ஒரு விரல் நீளப் பெட்டிக்குள்.

“இவ்ளோ கம்பியாடா உள்ள இருக்கு?”

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ரிலே காயில் கட்டும் பட்டறை ஒன்றில் அவருக்குப் பழக்கம். அரை ஸ்பூல் அதே கம்பி வாங்கி வைத்திருக்கிறார், வெள்ளிக்கிழமையே. என்னிடம் சொல்லவில்லை. சீமோர் டங்கன் சின்ன வயதில் தன் முதல் பிக்அப்பை ரெக்கார்ட் பிளேயரின் தட்டில் வைத்துச் சுற்றினார் என்று சொன்னேன். அப்பா தன் கை வைண்டிங் மெஷினைக் காட்டினார், ஃபேன் காயிலுக்கு வைத்திருப்பது, எண்ணும் மீட்டரோடு.

முதல் தடவை அறுநூறு சுத்தில் அறுந்தது. தலைமுடியை விட மெல்லிசு, கண்ணுக்கே தெரியவில்லை. இரண்டாவது தடவை இரண்டாயிரத்து நூறு. கம்பியை விரலில் பிடித்தால் இழுப்பு அதிகமாகிறது என்று ஒரு துண்டு வெல்வெட் துணியை மடித்து அதற்குள் ஓட விட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். டேபிள் ஃபேனை நிறுத்தச் சொன்னார், காற்றில் கம்பி ஆடுகிறதாம்.

மூன்றாவது தடவை. எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து டியூப் லைட்டின் வெளிச்சம் கம்பியில் விழும்படி ஒரு வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்துக்கொண்டிருந்தேன். வேர்வை கண்ணில் இறங்கியது. மீட்டர் நாலாயிரத்து எண்ணூறைத் தாண்டியது. இதைக் கட்டி முடித்து மெழுகில் முக்கினால், இன்னொரு கிதார் வாங்கும்போது போடலாம், அதற்கு ஆல்நிகோ காந்தம் வைத்துப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தேன்.

“பேசாத இரு. இன்னும் ஐநூறு இருக்கு.”